காலியான தெருவும் நிரம்பிய தேவாலயமும்

'ஹை நூன்' 85 நிமிடம் ஓடும் படம். அதில் துப்பாக்கிச் சண்டை கடைசிக் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நாம் பார்ப்பது வேறு. சட்டையில் நட்சத்திரம் குத்திய ஒரு நடுவயதுக்காரன் வீடு வீடாக, கடை கடையாகப் போய்த் துணைக்கு ஆள் கேட்கிறான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லி நழுவுகிறார்கள். குதிரை விரட்டலும் புழுதியும் எதிர்பார்த்துத் தியேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு 1952இல் இது புதிய அனுபவம். அன்றைய அமெரிக்க அரசியலைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அவன் தட்டும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் உண்மையான ஆட்கள் நிற்பது தெரியும். ஒன்றுமே தெரியாமல் பார்த்தாலும் படம் நம்மை நாற்காலியின் நுனியில்தான் வைத்திருக்கும். ஒரே படம் இப்படி இரண்டு விதமாகவும் பிடிப்பது எப்படி என்று விளங்கிக்கொள்ள, படத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும்.

கதை எளியது. ஹாட்லிவில் என்ற சிற்றூரின் மார்ஷல் வில் கேன் (கேரி கூப்பர்) ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ஏமியை (கிரேஸ் கெல்லி) மணக்கிறான். அவள் குவேக்கர், ஆயுதம் தொடாத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவள். அவளுக்காக வேலையை விட்டுவிட்டு வேறு ஊரில் கடை வைத்துப் பிழைக்கப் போகிறான். கல்யாணம் முடிந்த கையோடு தந்தி வருகிறது. ஐந்து வருடத்துக்கு முன் கேன் பிடித்துக்கொடுத்த கொலைகாரன் ஃபிராங்க் மில்லர் விடுதலையாகிவிட்டான். நண்பகல் ரயிலில் வருகிறான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் ஏற்கெனவே ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். புதிய மார்ஷல் மறுநாள்தான் வருவார். ஊரார் கேனையும் ஏமியையும் அவசர அவசரமாக வண்டியேற்றி அனுப்புகிறார்கள். கொஞ்ச தூரம் போனவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குள் வருகிறான்.

படத்தில் போகும் நேரமும் நாம் படம் பார்க்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. இயக்குநர் ஃப்ரெட் ஜின்னமன் மூன்று காட்சிகளை மாற்றி மாற்றிக் காட்டியே இறுக்கத்தை ஏற்றுகிறார்: தொலைவில் ஒரு புள்ளியாகச் சேரும் அசையாத தண்டவாளம், வெளுத்த வானத்தின் கீழே கறுப்பு உடையில் ஓயாமல் நடக்கும் கேன், நேரம் ஆக ஆகத் திரையில் பெரிதாகிக்கொண்டே வரும் கடிகாரங்கள். மேற்கத்திய படங்களில் வழக்கமாக வரும் அழகிய மேகக் கூட்டங்களை ஒளிப்பதிவாளர் ஃப்ளாய்ட் கிராஸ்பி ஒதுக்கிவிட்டார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் மேத்யூ பிராடி எடுத்த புகைப்படங்களின் கடுமையான வெளிச்சம்தான் ஜின்னமனுக்கு வேண்டியிருந்தது. கூப்பருக்கு அப்போது ஐம்பது வயது, வயிற்றுப்புண், முதுகுவலி. அந்த வேதனையை ஒப்பனையால் மறைக்காமல் விட்டார்கள். அவர் முகத்தில் தெரியும் களைப்பில் நடிப்பு எவ்வளவு, நோய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. டிமிட்ரி டியோம்கின் இசையமைத்து டெக்ஸ் ரிட்டர் பாடிய பாட்டு படம் நெடுகத் துண்டு துண்டாக வந்து, வாய் திறக்காத அந்த மனிதனின் மனக்குரலாக ஒலிக்கிறது.

கேன் கேட்டுப் போகும் ஆட்களை ஒவ்வொருவராகக் கவனித்துப் பார்ப்பதில்தான் இந்தப் படத்தின் முதல் சுவை இருக்கிறது. மில்லருக்குத் தண்டனை கொடுத்த நீதிபதி, சுவரிலிருந்து தேசியக் கொடியை இறக்கி மடித்து, சட்டப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு குதிரை ஏறுகிறார். பண்டைய ஏதென்ஸ் மக்கள் கொடுங்கோலனை மறுபடியும் ஊருக்குள் வரவேற்ற கதையைச் சொல்லிவிட்டே போகிறார். ஒரு நண்பன் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, அவர் இல்லை என்று சொல்லச் சொல்லி மனைவியை வாசலுக்கு அனுப்புகிறான். அந்தப் பெண்ணின் முகத்தில் தெரியும் அவமானம் சில விநாடிதான் வருகிறது, ஆனால் மறக்காது. உதவி மார்ஷலுக்குத் தனக்குப் பதவி கிடைக்கவில்லையே என்ற பொறாமை. கேனை வளர்த்துவிட்ட பழைய மார்ஷலுக்கு முடக்குவாதம். அதைவிட, இத்தனை வருடம் இந்த ஊருக்காக உழைத்ததில் என்ன கண்டோம் என்ற கசப்பு. ஓட்டல் குமாஸ்தா ஒளிவுமறைவு இல்லாதவன்: மில்லர் இருந்த காலத்தில் வியாபாரம் நன்றாக நடந்தது என்கிறான். துணைக்கு வர மனமிருப்பவர்கள் ஒரு கண்ணில்லாத குடிகாரனும் ஒரு பதினான்கு வயதுப் பையனும்தான்.

இந்த வரிசையின் உச்சம் தேவாலயக் காட்சி. ஞாயிறு வழிபாடு நடந்துகொண்டிருக்கிறது. ஊரின் நல்லவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். கேன் உள்ளே வந்து கேட்டதும் சிலர் உடனே எழுந்து நிற்கிறார்கள். அப்போது ஒருவர், குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு இதைப் பேசித் தீர்ப்போம் என்கிறார். பேச்சு தொடங்கியதுமே எழுந்தவர்கள் தளர்கிறார்கள். இது சொந்தப் பகை என்கிறார் ஒருவர். வடக்கே இருக்கும் அரசியல்வாதிகள் அவனை விடுவித்தால் நாம் ஏன் சாக வேண்டும் என்கிறார் இன்னொருவர். போதகருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் கேனின் நெருங்கிய நண்பரான மேயர் எழுகிறார். கேனைப் போல ஒரு மார்ஷல் இந்த ஊருக்கு வாய்த்ததில்லை என்று மனமுருகிப் புகழ்கிறார். பிறகு, வடக்கே பணம் படைத்தவர்கள் இந்த ஊரில் கடைகளும் தொழிற்சாலைகளும் கட்டப் பணம் அனுப்ப யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், தெருவில் துப்பாக்கிச் சண்டை என்று பத்திரிகையில் வந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே நீ ஊரை விட்டுப் போய்விடு என்று முடிக்கிறார். பேச்சில் ஒரு சொல்கூடக் கேனுக்கு எதிராக இல்லை. அவனைக் கொலைகாரர்களிடம் ஒப்படைக்கும் பேச்சும் அதுதான்.

இந்த வசனத்தை எழுதிய கார்ல் ஃபோர்மனுக்கு, நல்லவர்கள் கூடிப் பேசி ஓர் ஆளைக் கைவிடும் விதம் நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் வாழ்க்கையில் அது அதே மாதங்களில் நடந்துகொண்டிருந்தது.

'அமெரிக்க விரோதச் செயல்களை' விசாரிக்கப் பிரதிநிதிகள் சபை 1938இல் அமைத்த குழு, 1947 அக்டோபரில் ஹாலிவுட் பக்கம் திரும்பியது. திரைத்துறையில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கிறார்களா என்பது அதன் கேள்வி. பதில் சொல்ல மறுத்த எழுத்தாளர்களும் இயக்குநர்களுமாகப் பத்துப் பேர் காங்கிரஸை அவமதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1950இல் சிறை சென்றார்கள். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பெயரால் இந்தக் காலம் முழுவதையும் குறிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர் வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்து வீலிங் நகரில் பேசிப் புகழ் பெற்றது 1950 பிப்ரவரியில். ஹாலிவுட்டை விசாரித்த குழு அவருடையது அல்ல, அவருக்கு முன்பே இயங்கியது. சிறைக்கு அனுப்பியது அரசாங்கம் என்றாலும், வேலையைப் பறித்தது ஸ்டூடியோ முதலாளிகள். 1947 நவம்பரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் அவர்கள் கூடினார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் வேலை கிடையாது, தெரிந்தே ஒரு கம்யூனிஸ்டையும் வேலைக்கு வைக்கமாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். படத்துக்கு முதலீடு நியூயார்க்கிலிருந்து வருகிறது. கூட்டம் குறைந்தால், பத்திரிகைகள் தூற்றினால் அந்தப் பணம் தயங்கும். கருத்துச் சுதந்திரத்தை மதிப்பதாகவும் அதே அறிக்கையில் சொல்லிக்கொண்டார்கள். ஹாட்லிவில் மேயரின் பேச்சைக் கேட்டுவிட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

1951இல் குழு மறுபடியும் ஹாலிவுட்டுக்கு அழைப்பாணை அனுப்பத் தொடங்கியது. ஃபோர்மன் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து விலகியவர். 'ஹை நூன்' திரைக்கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் அவருக்கும் அழைப்பாணை வந்தது. படப்பிடிப்பு செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பமானது. செப்டம்பர் 24 அன்று அவர் குழுவின் முன் உட்கார்ந்தார். இந்த விசாரணையின் பொறி எங்கே இருந்தது என்று சொன்னால்தான் அவருடைய நிலை புரியும். நான் கட்சியில் இருந்தேன், இப்போது இல்லை என்று ஒப்புக்கொண்டால் அத்தோடு விடமாட்டார்கள். உன்னோடு வேறு யார் யார் இருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. பெயர் சொன்னவருக்கு வேலை உண்டு, சொல்லப்பட்டவருக்குப் போய்விடும். அந்தப் பெயர்களில் பல குழுவுக்கு முன்பே தெரியும். அதனால் பெயர் கேட்பது தகவலுக்காக நடந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஆளைக் குனியவைத்துப் பார்க்கும் சடங்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஃபோர்மன், இப்போது தான் உறுப்பினர் இல்லை என்பதைத் தெரிவித்துவிட்டு, மற்ற கேள்விகளுக்கு அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தைக் காட்டிப் பதில் மறுத்தார்.

படத்தின் தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் அவருடைய நண்பர், தொழிலில் கூட்டாளி. அந்தக் கூட்டு முறிந்தது. இணைத் தயாரிப்பாளர் என்ற பட்டம் ஃபோர்மனிடமிருந்து போனது, எழுத்தாளர் என்ற பெயர் மட்டும் தங்கியது. தன்னிடம் நண்பர்கள் சொன்ன சமாதானங்களையே பல இடங்களில் வசனமாக வைத்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். அவர் பக்கம் நின்றவர்களில் கேரி கூப்பர் ஒருவர் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கூப்பர் பழுத்த குடியரசுக் கட்சிக்காரர். 1947இல் அதே குழுவின் முன் கம்யூனிசத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். அப்போதும் யார் பெயரையும் சொல்லவில்லை. ஃபோர்மன் தொடங்க இருந்த புதிய நிறுவனத்தில் பணம் போடவும் முன்வந்தார். பிறகு நாலாபக்கமும் நெருக்கடி வந்து பின்வாங்க வேண்டியதாயிற்று. ஃபோர்மன் 1952இல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடி மைக்கேல் வில்சனோடு சேர்ந்து 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) திரைக்கதையை எழுதினார். இருவருமே ஸ்டூடியோக்கள் வேலை தர மறுத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால், ஆஸ்கர் மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரரான பியர் பூல் பெயருக்குப் போனது. உண்மையான ஆசிரியர்கள் இருவருக்கும் அகாதமி விருதை உரிமையாக்கியபோது இருவரும் உயிரோடு இல்லை.

இந்தப் பின்னணி தெரிந்தபின் 'ஹை நூன்' ஒரு விடுகதை, இதுதான் விடை என்று புத்தகத்தை மூடிவிடும் ஆசை வரும். அது படத்துக்குச் செய்யும் குறைவு. ஜின்னமன் அதை ஹாலிவுட் அரசியலின் உருவகமாக எடுக்கவில்லை. மனசாட்சிப்படி நடக்க வேண்டிய ஒரு மனிதனின் கதையாகவே எடுத்தார். அவர் வியன்னாவில் வளர்ந்த யூதர். அவருடைய பெற்றோர் நாஜிகளின் கொலைக்குப் பலியானவர்கள். அண்டைவீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொள்வது என்றால் என்ன என்பதற்கு அவருக்கு ஃபோர்மனுடையதைவிடப் பெரிய உதாரணம் இருந்தது. சோவியத் பத்திரிகையான 'பிராவ்தா'வுக்கு, தனிமனிதனைத் தூக்கிப்பிடித்து மக்களைச் சிறுமைப்படுத்தும் படமாக அது தெரிந்தது. ஜனாதிபதி ஐசனோவர் வெள்ளை மாளிகையில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். 1989 ஜூன் 4 தேர்தலுக்குப் போலந்தின் சாலிடாரிட்டி இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில், கையில் துப்பாக்கிக்குப் பதில் ஓட்டுச்சீட்டோடு நடந்து வந்தவர் கூப்பர்தான். கம்யூனிச வேட்டைக்கு எதிராக எழுதப்பட்ட கதை, கம்யூனிச அரசுக்கு எதிரான சுவரொட்டியானது. இதில் முரண் ஒன்றும் இல்லை. அஞ்சி ஒதுங்கும் ஊர் எந்த ஆட்சியிலும் இருக்கும்.

ஐசனோவரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கான்சாஸ் மாநிலத்து அபிலீன் ஊரில் வளர்ந்தவர் அவர். 1871இல் 'வைல்ட் பில்' ஹிக்காக் மார்ஷலாக இருந்த ஊர் அது. 1953 நவம்பர் 23 அன்று வாஷிங்டனில் ஒரு யூத அமைப்பின் விருந்தில், எழுதிவைத்த உரையை விட்டுவிட்டுத் தன் ஊரைப் பற்றிப் பேசினார். யாரோடு உனக்குப் பகை இருந்தாலும் அவனை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும், பின்னால் பதுங்கி வந்து தாக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஒருவரைக் குற்றம் சாட்டுகிறவர் நிழலில் ஒளியாமல் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்றார். மெக்கார்த்தியின் பெயரை அவர் எடுக்கவில்லை. யாரைச் சொல்கிறார் என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தது. ஹிக்காக்கே 1876இல் டெட்வுட் ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சுடப்பட்டுச் செத்தவர் என்பதை வைத்துப் பார்த்தால், அபிலீன் விதி வரலாற்றைவிடக் கதையில் அதிகம் வாழ்ந்தது என்று புரியும். ஆனாலும் தேசத்துக்கு ஒழுக்கம் சொல்ல ஒரு ஜனாதிபதி எடுத்தாண்ட மொழி கவ்பாய்க் கதையின் மொழி என்பது முக்கியம். நாடு முழுவதும் புரிந்துகொள்ளும் பொதுமொழி அப்போது அதுவாக இருந்தது.

அதே ஐசனோவர், அதற்கு ஓராண்டு முன்பு, 1952 அக்டோபர் 3 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் தேர்தல் கூட்டத்தில் பேசினார். அது மெக்கார்த்தியின் மாநிலம். ஜெனரல் ஜார்ஜ் மார்ஷலை, அமெரிக்காவை வஞ்சிக்கும் சதியில் பங்குள்ளவர் என்கிற அளவுக்கு மெக்கார்த்தி பழித்திருந்தார். ஐசனோவரை ராணுவத்தில் மேலே கொண்டுவந்தவர் அந்த மார்ஷல். அவரைப் பாராட்டி உரையில் ஒரு பத்தி எழுதப்பட்டிருந்தது. ஆலோசகர்கள் வேண்டாம் என்றார்கள்; ஐசனோவர் அந்தப் பத்தியைப் படிக்காமல் விட்டார். அந்த நேரத்தில் 'ஹை நூன்' நாடெங்கும் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவை விடுவித்த படைக்குத் தலைமை தாங்கியவரே தேவாலயத்து நடுவரிசையில் உட்கார்ந்துவிட்ட நாள் அது. அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். மேயரும் கோழை அல்ல. நியாயமான கணக்குகளைப் போட்டவர்கள் இருவரும். 1954 டிசம்பர் 2 அன்று செனட் 67க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தபோது, அந்தக் கணக்குகள் மாறியிருந்தன.

நம்மில் பலருக்குக் கவ்பாய் உலகம் அறிமுகமானது முத்து, லயன் காமிக்ஸ் வழியாக. டெக்ஸ் வில்லர் இத்தாலியில் பிறந்தவர். கேப்டன் டைகர் பிரெஞ்சு மொழிக் காமிக்ஸில் பிறந்தவர். அதனால் தொப்பியும் குதிரையும் பாலைவனமும் நமக்கு முழுசாக வந்து சேர்ந்தன, அமெரிக்கர்கள் அதற்குள் வைத்துச் சண்டையிட்ட விஷயம் வரவில்லை. சமகாலக் கதையில் சொல்ல அஞ்சியதையெல்லாம் 1870களின் கதையில் வைத்துச் சொல்லலாம் என்பது அங்கே எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்பாச்சே தலைவர் கோச்சிஸைப் பகைவனாகக் காட்டாமல் சமாதானம் பேசத் தக்க தலைவராகக் காட்டிய 'புரோக்கன் ஏரோ' (1950) படத்தை எழுதியது ஆல்பர்ட் மால்ட்ஸ். சிறை சென்ற பத்துப் பேரில் ஒருவர். திரையில் வேறொரு எழுத்தாளரின் பெயர் வந்தது. நிக்கோலஸ் ரேயின் 'ஜானி கிட்டார்' (1954) இன்னும் துணிச்சலானது. கும்பல் ஒன்று காயம்பட்ட இளைஞனைப் பிடிக்கிறது. வியன்னா என்ற சலூன்காரியின் (ஜோன் கிராஃபோர்ட்) பெயரைச் சொன்னால் உன்னை விட்டுவிடுவோம் என்கிறது. அவன் சொல்கிறான். சொன்ன பிறகும் தூக்கில் போடுகிறார்கள். கதாநாயகனாக நடித்த ஸ்டெர்லிங் ஹைடன், 1951இல் குழுவின் முன் நண்பர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, வாழ்நாள் முழுவதும் அதற்காகத் தன்னையே வெறுத்தவர். கும்பலோடு வரும் ஊர்ப் பெரியவராக நடித்த வார்டு பாண்ட், கறுப்புப் பட்டியலை ஆதரித்தவர்களில் மிகத் தீவிரமானவர். இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்பதைப் பார்க்கும்போது கதையை மீறி ஏதோ நடப்பதுபோல் உடல் சிலிர்க்கும்.

எதிர்த்தரப்பின் பதிலையும் அதே அக்கறையோடு பார்க்காவிட்டால் இந்த வழக்கில் பாதிதான் நமக்குக் கிடைக்கும். நடிகர் ஜான் வெய்ன் 1949 முதல் சில ஆண்டுகள் ஹாலிவுட்டின் கம்யூனிச எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1953 மார்ச்சில் 'ஹை நூன்' படத்துக்காகக் கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, வர முடியாத நண்பருக்காக மேடையேறி அதை வாங்கிக்கொண்டவர் வெய்ன்தான். அந்த வேடம் தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வேடிக்கையாகக் கேட்கவும் செய்தார். 1971இல் ஒரு பேட்டியில் அதே படத்தை அமெரிக்கத்தன்மைக்கே விரோதமானது என்று சாடினார். ஃபோர்மனை நாட்டை விட்டு விரட்டியதில் தனக்கும் பங்குண்டு, அதில் வருத்தமில்லை என்றார். கடைசியில் கேன் நட்சத்திரத்தைத் தரையில் போட்டுக் காலால் மிதிப்பதாக அவர் நினைவிலிருந்து சொன்னார். படத்தில் கேன் அதைக் கழற்றிப் புழுதியில் போடுகிறான், அவ்வளவுதான். அந்தச் செய்கை வெய்னை எவ்வளவு காயப்படுத்தியிருந்தால் நினைவில் அது மிதியாக மாறியிருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன்.

இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் கேனைப் பிடிக்கவில்லை. அவர் கோபத்தில் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு நியாயம் இருந்தது: நல்ல ஷெரீஃப் என்றால் ஊரெல்லாம் ஓடி உதவி கேட்கமாட்டான், வேலை தெரியாதவர்களைச் சாவுக்கு இழுக்கவும் மாட்டான். இந்தக் கருத்தையே அவரும் வெய்னும் 1959இல் 'ரியோ பிராவோ' என்று படமாக்கினார்கள். ஷெரீஃப் சான்ஸ் (வெய்ன்) ஒரு கொலைகாரனைச் சிறையில் வைத்திருக்கிறான். அவனுடைய பணக்கார அண்ணன் கூலிப்படையோடு ஊரைச் சுற்றி வளைக்கிறான். நண்பர் ஒருவர் ஆள் தருகிறேன் என்று வந்தால் சான்ஸ் மறுக்கிறான். அந்த நண்பராக வருபவர் வார்டு பாண்ட். கேட்காமலே வந்து சேருகிறவர்கள்தான் அவன் படை: குடியை விட முயன்று கை நடுங்கும் பழைய உதவியாளன் (டீன் மார்ட்டின்), நொண்டிக் கிழவன் (வால்டர் பிரென்னன்), ஒரு பொடியன் (ரிக்கி நெல்சன்), ஊரை விட்டுப் போக மறுக்கும் ஒரு சூதாட்டக்காரி (ஆஞ்சி டிக்கின்சன்), ஓட்டல் நடத்தும் மெக்சிகோத் தம்பதி. கேன் திருப்பி அனுப்பிய குடிகாரனும் பையனும் இங்கே கதையின் தூண்களாகிறார்கள். இரு படங்களுக்கும் இசை டியோம்கின்தான் என்பது கேட்கக் கேட்க இனிக்கும் தகவல்.

இவற்றில் எது சிறந்த படம் என்று கேட்டால், சந்தோஷத்துக்கு நான் 'ரியோ பிராவோ'வைத்தான் போடுவேன். இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தில் அவசரம் என்பதே இல்லை. முற்றுகைக்கு நடுவே சிறைக்குள் உட்கார்ந்து நால்வரில் மூவர் பாட்டுப் பாடுகிறார்கள், வெய்ன் காபிக் கோப்பையோடு பார்த்துச் சிரிக்கிறார். அந்த நிமிடங்களில் கதை நகரவே இல்லை. அந்த மனிதர்களோடு நாமும் சிறைக்குள் இருந்துகொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தில் ஹாக்ஸ் ஃபோர்மனுக்குப் பதில் சொல்லவில்லை, கேள்வியையே தள்ளிவைத்துவிட்டார். 'ரியோ பிராவோ'வில் ஊர் மக்கள் என்று யாரும் கணக்கில் இல்லை. கடைக்காரர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் எங்கே என்று படம் கேட்பதில்லை. வேலை தெரிந்த நாலு பேர் போதும் என்பது அதன் நம்பிக்கை. குடியரசு என்பது வேலை தெரியாதவர்களும் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரம் என்பது 'ஹை நூன்' விடாமல் பிடித்திருக்கும் நினைப்பு. அதனால்தான் அது கசக்கிறது, அதனால்தான் முதலில் சொல்ல வேண்டிய படமும் அதுவே.

இந்த வாக்குவாதம் ஓய்வதற்குள் அமெரிக்காவே கவ்பாய்க் கதைக்குள் குடியேறிவிட்டது. 1958-59 பருவத்தில் அதிகம் பேர் பார்த்த பத்துத் தொலைக்காட்சித் தொடர்களில் ஏழு இந்த வகை. 1960 ஜூலை 15 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கில் வேட்பாளர் உரையாற்றிய ஜான் கென்னடி, பழைய எல்லைப்புறம் முடிந்த இடத்தில் மேற்கு நோக்கி நிற்பதாகச் சொல்லி, தன் திட்டத்துக்கே 'புதிய எல்லைப்புறம்' என்று பெயர் வைத்தார். இயக்குநர் ஜான் ஃபோர்டு அதற்கு இரண்டு வருடம் கழித்து, அதே எல்லைப்புறத்தின் கணக்கைத் திறந்து வைத்தார்.

'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962) கறுப்பு வெள்ளையில், பெரும்பாலும் நாலு சுவருக்குள் எடுக்கப்பட்ட படம். கிழக்கிலிருந்து சட்டப் புத்தகத்தோடு வந்த வக்கீல் ஸ்டோடார்டாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். துப்பாக்கி ஒன்றுதான் இங்கே சட்டம் என்று சொல்லும் டாம் டோனிஃபனாக வெய்ன். ஊரை மிரட்டும் லிபர்ட்டி வேலன்ஸாக லீ மார்வின். வேலன்ஸைச் சுட்டவன் என்ற புகழை ஏணியாக்கி வக்கீல் செனட்டர் ஆகிறான். சுட்டது அவன் அல்ல, இருட்டில் நின்ற டாம். அந்த உண்மையைப் பல வருடம் கழித்துக் கேட்கும் பத்திரிகை ஆசிரியர் எழுதிய குறிப்புகளைக் கிழித்து அடுப்பில் போடுகிறார். கேன் தனியாக நின்று சுட்டபோது ஊர் ஜன்னல் வழியே பார்த்தது. இங்கே ஊர் பார்த்தது பொய், அந்தப் பொய்யின் மேல்தான் ஒரு மாநிலமே எழுகிறது. ஃபோர்டு அதை வெறுக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. அந்த ஏணியின் விலையை யார் கொடுத்தது என்று மட்டும் காட்டுகிறார்.

விலை கொடுத்தவர்களில் டாமின் கறுப்பினப் பணியாள் பாம்ப்பி உண்டு. நடித்தவர் வூடி ஸ்ட்ரோட். 1946இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்து, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் நிறத்தடையை உடைத்தவர்களில் ஒருவர். வக்கீல் நடத்தும் பள்ளியில், சுவரில் லிங்கன் படம் மாட்டியிருக்க, பாம்ப்பி எழுந்து சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்கிறான். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற இடம் வரும்போது அவனுக்கு மறந்துவிடுகிறது. பரவாயில்லை, நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள் என்கிறான் வக்கீல். பிறகு சலூனில் ஊர்க்கூட்டம் கூடி பிரதேச மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறது. சுவீடன்காரர் உள்ளே, பாம்ப்பி வெளியே. இன்னொரு நாள் டாமைத் தேடி உள்ளே வரும்போது கடைக்காரன் அவனுக்கு மது ஊற்ற மறுக்கிறான்.

கடைக்காரன் செய்தது, படம் வந்த 1962இல் அமெரிக்கத் தெற்கின் பல மாநிலங்களில் சட்டம் அனுமதித்த நடத்தை. அதை நாடு முழுவதும் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் வாரக்கணக்கில் பேச்சாலேயே முடக்கிவைக்கப்பட்டது. விவாதத்தை முடிக்க அப்போது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. 1964 ஜூன் 10 அன்று வாக்கெடுப்பு. கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார்; ஆங்கிலத்தில் கண்ணுக்கும் சம்மதத்துக்கும் ஒரே ஒலி. 71க்கு 29 என்று விவாதம் முடிந்தது: 44 ஜனநாயகக் கட்சியினர், 27 குடியரசுக் கட்சியினர். குடியரசுக் கட்சியில் எதிர்த்து வாக்களித்த ஆறு பேரில் ஒருவர் அரிசோனாவின் பேரி கோல்ட்வாட்டர். அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர் வேட்பாளராக நின்றபோது, பாம்ப்பிக்கு மது ஊற்றச் சொல்லிச் சலூன்காரனை அதட்டிய டாம் டோனிஃபன், அதாவது ஜான் வெய்ன், கோல்ட்வாட்டர் பக்கம் நின்றார்.